ஆங்கிலச் சொற்களும் கிரேக்க வேர்களும்

(நமது சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு நம் பிள்ளைகளிற் சிலர் மருத்துவம், தாதியர் கல்வி, மருந்தியல் முதலிய துறைகளிற் சேர்ந்திருக்கின்றனர் என்னும் நற்செய்தியைக் காரியதரிசி அவர்கள் சற்று முன் வாசித்தார்கள். நீங்கள் கைகொட்டி மகிழ்ந்தீர்கள், யாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அம்மகிழ்ச்சியினூடே ஒரு கவலையும் எம் உள்ளத்தில் எழுந்தது. அதனை மறைக்காமற் கூறுதலே இன்று எமக்கிட்ட பணிக்கு நேர்மையாகும்.

பள்ளியில் எல்லாப் பாடங்களையும் தமிழிலே கற்று, நல்ல மதிப்பெண் பெற்று, கல்லூரி வாயிலை மிதிக்கின்ற பிள்ளை, முதல் வருஷப் புத்தகத்தைத் திறந்தவுடன் ஒரு பக்கத்தில் இருபது அறியாச் சொற்களைக் காண்கிறது. அகராதியைப் புரட்டுகிறது, இரவெல்லாம் உருப்போடுகிறது, விடிந்தால் பாதி மறந்துபோகிறது. வீட்டிற் கேட்டறியலாமென்றாலோ, ஆங்கிலம் அறிந்தார் ஒருவருமில்லை. சில மாதங்களில், ‘இது நமக்கு வராது’ என்று அப்பிள்ளை தனக்குள்ளே தீர்ப்பெழுதிக்கொள்ளுகிறது. அவ்வாறு பெட்டியோடு ஊர் திரும்பிய பிள்ளைகளை நம் குடும்பங்களிலேயே நாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர்; திறவுகோல் கிடைக்கப்பெறாதவர்கள். அத்தகைய திறவுகோல் ஒன்றை இன்று உங்கள் கையிற் கொடுக்க விரும்புகின்றோம். அது கிரேக்க வேர்ச்சொற்களைக் கொண்டு ஆங்கிலச் சொற்களை அறியும் முறையாகும்.

ஆங்கில பாஷையின் சொற்பெருக்கம் அளவிடற்கரியது. ஆக்ஸ்போர்டுப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ஆம் ஆண்டு வெளிவந்தபோது அது 20 பெருந்தொகுதிகளாக அமைந்தது. இத்துணைச் சொற்களையும் ஒவ்வொன்றாக மனத்தில் ஏற்றுவேன் என்பவன், மணலை எண்ணப் புகுந்தவனை ஒப்பான். ஆனால் சொற்கள் மணலைப் போலத் தனித்தனியே கிடப்பனவல்ல. ஆலமரத்தைப் போல ஒரு வேரினின்று பல விழுதாய்ப் பரந்து நிற்பன. வேரைப் பிடித்தவனுக்கு விழுதுகள் தாமே வசமாகும்.

ஆங்கிலத்துக்கும் கிரேக்கத்துக்கும் யாது தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தாய், தந்தை, வீடு, தண்ணீர் என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் ஜெர்மானியக் குடும்பத்தினின்று வந்த அதன் சொந்தச் சொற்களே. 1066-ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு, லத்தீன் சொற்கள் வெள்ளம்போற் புகுந்தன. கிரேக்கச் சொற்களோ பெரும்பாலும் கல்வியின் வழியே வந்தன. மருத்துவத்தின் தந்தையென மேனாட்டார் போற்றும் ஹிப்பொகிராட்டீஸ் கிரேக்கர். ரோமில் வாழ்ந்து புகழ்பெற்ற காலென் என்னும் மருத்துவரும் தம் நூல்களைக் கிரேக்கத்திலேயே எழுதினார். ஆதலால் உடலுறுப்புக்கும் நோய்க்கும் கிரேக்கப் பெயர்களே நிலைத்தன. பிற்காலத்து விஞ்ஞானிகள் புதிய பொருளொன்றைக் கண்டபோதெல்லாம், அதற்குப் பெயரிட அப்பழைய களஞ்சியத்தையே நாடினர். கிரேக்கம் சொல்லோடு சொல்லை எளிதிற் பிணைக்க இடந்தரும் மொழி என்பதே இதற்குத் தலையாய காரணம்.

பாடத்தை உங்கள் சட்டைப்பையிலிருந்தே தொடங்குவோம். இங்கே டெலிபோன் இல்லாதார் எவருமிலர். ‘டெலி’ என்றால் தொலைவு. ‘போன்’ என்றால் குரல். தொலைவிலிருந்து வரும் குரல் டெலிபோன். ‘ஸ்கோப்’ என்பது நோக்குதல். ஆகவே டெலிஸ்கோப் தொலைவை நோக்குவது. ‘மைக்ரோ’ என்பது சிறுமை. மைக்ரோஸ்கோப் நுண்ணியதை நோக்குவது. மைக்ரோபோன் சிறு குரலைப் பெரிதாக்க உதவும் கருவி. இப்பொழுது எம் முன்னே நிற்பது அதுவே. ‘கிராஃப்’ என்பது எழுதுதல். டெலிகிராஃப் தொலைவுக்கு எழுதுவது. ‘போட்டோ’ என்பது ஒளி. ஒளியால் எழுதப்பெற்றது போட்டோகிராஃப். இங்கிலாந்து வானநூலார் ஜான் ஹெர்ஷல் 1839-ஆம் ஆண்டு இப்பெயரை வழங்கி அது பரவச் செய்தார். ‘ஆட்டோ’ என்பது தான். ஆகவே ஆட்டோகிராஃப் ஒருவர் தாமே எழுதிய கையொப்பம். ‘பயோ’ என்பது உயிர் அல்லது வாழ்க்கை. பயோகிராஃபி வாழ்க்கையை எழுதுவது. ‘ஜியோ’ என்பது பூமி. ஜியோகிராஃபி பூமியை எழுதுவது. பாருங்கள்! வேர்கள் எட்டொன்பதுதாம், சொற்களோ அவற்றை மாற்றி மாற்றிப் பிணைக்கப் பெருகிக்கொண்டே செல்கின்றன.

இம்முறை நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. தொலைபேசி, தொலைநோக்கி, நுண்ணோக்கி, வெப்பமானி, மக்களாட்சி என்னும் கலைச்சொற்களைத் தமிழ்ப் பள்ளியிற் பயின்ற பிள்ளை நன்கறியும். ‘தொலை’யோடு ‘பேசி’ சேர்ந்தது போலவே ‘டெலி’யோடு ‘போன்’ சேர்ந்தது. வெப்பத்தை மானிப்பது வெப்பமானி. ‘தெர்மோ’ வெப்பம், ‘மீட்டர்’ அளவு. ‘டெமோஸ்’ மக்கள், ‘கிராட்டோஸ்’ ஆட்சி. ஆகவே டெமாக்கரஸி மக்களாட்சி. ஆங்கிலக் குழந்தைக்கு ‘டெலி’ என்பதன் பொருள் தன் தாய்மொழியில் விளங்காது. நம் குழந்தைக்கோ ‘தொலை’ என்பதன் பொருள் தானே விளங்கும். தமிழில் கற்றதைக் குறையென்று கருதி நாணும் பிள்ளைகள் இதனைக் கருத்தில் இருத்துக. பாதிப் பாடத்தை நீங்கள் முன்னரே கற்றுவிட்டீர்கள். உங்களிடத்திலுள்ள சொல்லுக்கு இன்னொரு பெயரை மட்டுமே இனிக் கற்கவேண்டும்.

இனி, சொல்லின் முன்னே வந்து பொருளை மாற்றும் முன்னொட்டுகளைக் காண்போம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயைப் ‘பாண்டெமிக்’ என்று அறிவித்தது. அன்று வீட்டுக்கு வீடு வழங்கிய அச்சொல்லில் ‘டெமோஸ்’ என்னும் வேர் மறைந்திருக்கிறது. ‘பான்’ என்றால் எல்லாம். எல்லா மக்களையும் பற்றுவது பாண்டெமிக். ‘எபி’ என்றால் மேல். ஒரு நாட்டு மக்கள்மேல் வந்து விழுவது எபிடெமிக். ‘என்’ என்றால் உள். மக்களிடையே நீங்காது உள்ளுறைவது எண்டெமிக். வேர் ஒன்று, முன்னொட்டு மூன்று, பொருளும் மூன்று.

‘அ’ என்னும் இன்மை முன்னொட்டும் அத்தகையது. நாம் தர்மம் இல்லாததை அதர்மம் என்கின்றோம். உயிரெழுத்து வருமிடத்து அது ‘அந்’ ஆகி, ஆதி இல்லாததை அநாதி என்கின்றோம். கிரேக்கத்திலும் இவ்வாறே. ‘டோமோஸ்’ என்பது வெட்டுதல்; வெட்ட முடியாதது ஆட்டம், அதாவது அணு. உயிர் வருமிடத்து ‘அன்’ ஆகிறது: இரத்தக் குறை அனீமியா; உணர்ச்சி இன்மை அனெஸ்தீஸியா. ஈதர் ஆவியால் வலியறியாது அறுவை செய்யலாமென்று பாஸ்டன் நகரில் 1846-ஆம் ஆண்டு காட்டியபோது, ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் என்னும் மருத்துவர் அந்நிலைக்கு இப்பெயரை மொழிந்தார். வடமொழியும் கிரேக்கமும் ஒரே மூலக்குடும்பத்திற் பிறந்தவை, அதனாலேயே இவ்வொற்றுமை. நாம் பஞ்ச, ஸப்த, அஷ்ட, தச என்று எண்ணுவதும், அவர்கள் பெண்ட, ஹெப்ட, ஆக்ட, டெக என்று எண்ணுவதும் அக்குடும்ப உறவின் சாயலே.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கூற அனுமதிக்க வேண்டுகின்றோம். எம் உறவினர் வீடொன்றில் முதிய அம்மையார் ஒருவர் நீரிழிவினால் பல ஆண்டுகளாக இன்சுலின் ஊசி செலுத்திக்கொண்டு வருகிறார். ஒருமுறை அவர் மயங்கி விழ, மருத்துவமனையிற் சேர்த்து இரண்டு நாளில் வீட்டுக்கு அழைத்துவந்தனர். உடன் கொடுத்த சீட்டில் நோயின் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. சில தினங்களுக்குப் பின் ஒரு விடியற்காலத்தில் அம்மையாருக்கு உடல் வியர்த்து நடுக்கங் கண்டது. மகனார் சீட்டை எடுத்துப் பார்த்து, ‘ஹைப்பர்’ என்று வாசித்து, சர்க்கரை ஏறிவிட்டது என்று முடிவு கட்டி, ஊசி மருந்தைக் கையில் எடுத்துவிட்டார். தாதியர் கல்வியில் முதல் வருஷம் பயிலும் பேத்தி அன்று விடுமுறைக்கு வந்திருந்தாள். “அப்பா, அது ஹைப்பர் இல்லை, ஹைப்போ. சர்க்கரை இறங்கியிருக்கிறது” என்று கையைப் பிடித்துத் தடுத்து, பாட்டியார் விழுங்கும் நிலையில் இருந்தமையால் சர்க்கரை கரைத்த நீரைப் பருகச் செய்து, உடனே மருத்துவருக்குச் சொல்லியனுப்பினாள். சிறிது நேரத்தில் அம்மையார் தெளிந்தார். அந்த ஊசி அன்று ஏறியிருக்குமாயின் யாது நேர்ந்திருக்கும் என்பதை அம்மகனார் எம்மிடம் கூறும்போது அவர் குரல் தழுதழுத்தது.

இரண்டு சொற்களுக்கும் ஓரெழுத்து ஈரெழுத்தே வேறுபாடு. பொருளிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ‘ஹைப்போ’ என்றால் கீழ். ‘ஹைப்பர்’ என்றால் மேல். இதனை என்றும் மறவாதிருக்க ஓர் எளிய வழியுண்டு. கிரேக்கர் வாயில் இவை ‘ஹுப்போ’, ‘ஹுப்பேர்’ என ஒலித்தன. இவற்றின் உடன்பிறப்புகள் நம் நாவிலே நாள்தோறும் வழங்குகின்றன: அவை ‘உப’, ‘உபரி’ என்பவையே. நமது சங்கத்தின் உபதலைவர் தலைவருக்கு அடுத்த கீழ்நிலையில் இருப்பவர். அணை நிரம்பி மேல் வழிவது உபரி நீர். உப என்பது ஹைப்போ. உபரி என்பது ஹைப்பர். சர்க்கரை கீழே இறங்கினால் ஹைப்போகிளைசீமியா; மேலே ஏறினால் ஹைப்பர்கிளைசீமியா. ‘கிளைக்’ இனிப்பையும், ‘ஈமியா’ இரத்தத்தையும் குறிக்கும். இரத்த அழுத்தம் மிகுந்தால் ஹைப்பர்டென்ஷன், குறைந்தால் ஹைப்போடென்ஷன். தாய்மார்களும் இவ்விரண்டையேனும் இன்றே மனத்தில் இருத்திக்கொள்ளக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

பெரிய மருத்துவமனைக்குச் செல்வோர் படும் இடரும் நீங்கள் அறிந்ததே. நரம்பு மருத்துவரைக் காணவேண்டியவர் சிறுநீரக மருத்துவரின் வாயிலிற் பாதி நாள் காத்திருந்து, முறை வந்தபின் ‘இங்கல்ல’ என்று திருப்பப்படுகிறார். ‘நியூரான்’ நரம்பு, ‘நெஃப்ரோஸ்’ சிறுநீரகம், ‘கார்டியா’ இருதயம், ‘ஹெப்பார்’ ஈரல், ‘காஸ்டர்’ இரைப்பை, ‘டெர்மா’ தோல், ‘ஆர்த்ரோன்’ மூட்டு, ‘ஆப்தல்மோஸ்’ கண். 1819-ஆம் ஆண்டு முதல் சென்னையில் விளங்கிவரும் எழும்பூர்க் கண் மருத்துவமனையின் ஆங்கிலப் பெயரில் இக்கடைசிச் சொல்லைக் காணலாம். இவற்றோடு ‘லாஜி’ சேர்ந்தால் அதனைப் பற்றிய நூல். ‘ஐட்டிஸ்’ சேர்ந்தால் அவ்வுறுப்பின் அழற்சி. ‘எக்டமி’ சேர்ந்தால் வெட்டி எடுத்தல். ‘ஆல்ஜியா’ சேர்ந்தால் வலி. ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி, ஹெப்பட்டைட்டிஸ் ஈரலழற்சி, நெஃப்ரெக்டமி சிறுநீரகத்தை அறுத்தெடுத்தல். இவ்வளவே இரகசியம்!

வலியைக் குறிக்கும் இச்சொல்லைப் பற்றி விடுதியில் வாழும் பிள்ளைகளுக்கு ஒன்று கூறுவோம். ‘நாஸ்டால்ஜியா’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ‘நோஸ்டோஸ்’ என்பது வீடு திரும்புதல். வீடு திரும்ப ஏங்கும் வலியை நோயென்றே கருதி, யோஹன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் 1688-ஆம் ஆண்டு பாஸெல் நகரில் எழுதிய ஆராய்ச்சியில் இப்பெயரை இட்டார். முதல் மாதத்தில் உங்கள் நெஞ்சை அடைக்கும் அந்தத் துயரம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. 300 ஆண்டுகட்கு முன்பே அதற்குப் பெயருண்டு.

எழுத்தைக் கண்டே கிரேக்கச் சொல்லை அடையாளம் காணவுங் கூடும். பி, எச் என்னும் இரண்டெழுத்தும் கூடி எஃப் ஒலி தருமாயின் அச்சொல் பெரும்பாலும் கிரேக்கம். போன், போட்டோ, கிராஃப் என்பவற்றை நோக்குக. சி, எச் கூடிக் ககர ஒலி தருவதும் அவ்வாறே. கெமிஸ்ட்ரி, குரோனிக் என்பவை சான்று. ‘குரோனோஸ்’ என்பது காலம். ஆகவே குரோனிக் நோய் என்பது நெடுங்காலம் நீடிப்பதேயன்றிப் பலர் அஞ்சுவதுபோற் கொடிய நோய் என்பதன்று. நிமோனியா, சைக்காலஜி என்னும் சொற்களின் முதலில் ஒலியாத பி எழுத்து நிற்பதும் கிரேக்க மரபே. கிரேக்கர் அதனை ஒலித்தனர். ஆங்கிலேயர் எழுத்தை வைத்துக்கொண்டு ஒலியை விட்டனர். காரணம் தெரிந்தால் எழுத்துப் பிழை தானே குறையும்.

எனினும் எச்சரிக்கை மூன்று கூறாது விடுவது தகாது. முதலாவது, வேர்ச்சொல் பெயரிட்டவரின் எண்ணத்தைக் காட்டுமேயன்றி உண்மையை எப்பொழுதும் காட்டாது. லவாய்ஸியர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, எல்லாப் புளிக்காடிகளுக்கும் இதுவே மூலம் என்று கருதி ஆக்ஸிஜனுக்கு ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்னும் பொருளில் பெயரிட்டார். ஆக்ஸிஜனே இல்லாத அமிலங்களும் உண்டென்பது பின்னர் விளங்கிற்று, பெயரோ நிலைத்துவிட்டது. வெட்ட முடியாததெனப்பட்ட அணுவினுள்ளும் 1897-ஆம் ஆண்டு ஜே. ஜே. தாம்ஸன் எலெக்ட்ரானைக் கண்டார்.

இரண்டாவது, உருவம் ஒத்தவெல்லாம் உறவல்ல. பீடியாட்ரிக்ஸ் என்பதில் வருவது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்; பெடெஸ்ட்ரியன் என்பதில் வருவது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். ‘ஆண்டி’ கிரேக்கத்தில் எதிர். அதனையொத்த ‘ஆண்டெ’ லத்தீனில் முன். கருவுற்ற தாய்மாருக்குரிய ‘ஆண்டெநேட்டல்’ சிகிச்சை பிறப்புக்கு முந்தியது, பிறப்புக்கு எதிரானதன்று! ஆதலின் வேரைக்கொண்டு ஊகித்தபின் அகராதியைக் கொண்டு தெளிதல் வேண்டும்.

மூன்றாவது, சீட்டை வாசிக்கத் தெரிந்தவர் மருத்துவர் ஆகிவிடார். அப்பேத்தியும் உடனே மருத்துவருக்குச் சொல்லியனுப்பினாள் என்பதை மறவற்க. சொல்லறிவு நாம் சரியான வாயிலைத் தட்டவும், சரியான வினாவைக் கேட்கவும் உதவும். அதற்கப்பால் மருத்துவர் பொறுப்பு.

இனிச் செய்யவேண்டுவது யாது? பிள்ளைகளே, ஒரு குறிப்புப் புத்தகம் வாங்குங்கள். பக்கத்துக்கு ஒரு வேர் எழுதுங்கள்; அதன் எதிரே தமிழ்ப் பொருள்; அதன்கீழ் அவ்வேரிற் பிறந்த மூன்று சொற்கள். நாளொன்றுக்கு ஒரு வேர் போதும். நூறு நாளில் நூறு வேர். புதிய சொல்லைக் கண்டால் அதனைப் பிரித்துப் பாருங்கள். செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் கொள்ளப் பயின்ற உங்களுக்கு அது அரிதன்று. பெற்றோர்களே, இரவு உணவு வேளையில், ‘இன்று என்ன வேர்?’ என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியவேண்டுவதில்லை. பிள்ளை தமிழில் விளக்கும்போது அதற்கே பாடம் உறுதிப்படும்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். நமது கட்டடத்தின் முன்மண்டபம் சனிக்கிழமை மாலைகளில் வெறுமையாய்க் கிடக்கிறது. கல்லூரியில் மேல்வகுப்புப் பயிலும் நம் பிள்ளைகள் முறைவைத்துப் புதிய மாணவருக்கு அங்கே வேர்ச்சொல் கற்பிக்கலாம். நல்ல அகராதிகள் இரண்டும், சுவரில் எழுதி மாட்ட ஒரு பலகையும் இருந்தால் வகுப்புத் தொடங்கிவிடலாம். கட்டடம் நம் சமூகத்தார் பணத்தால் எழுந்ததாயினும், அவ்வகுப்பின் கதவு ஊரிலுள்ள எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவேண்டும். நோய்ச்சீட்டை வாசிக்கத் தெரியாமையால் வரும் ஆபத்து சாதி பார்த்து வருவதில்லை. அதைத் தீர்க்கும் கல்வியும் அவ்வாறு பார்த்தல் தகாது.

முடிவாக ஒன்று. கிரேக்கம் எங்கோ, நாம் எங்கோ என்று எவரும் தயங்கவேண்டா. பண்டை நாளில் யவனர் நம் கடற்கரைக்கு மரக்கலமேறி வந்து மிளகும் பிற சரக்கும் கொண்டு சென்றனர். சரக்கோடு பெயரும் கடல் கடந்தது. நம் ‘இஞ்சி’ என்னும் சொல் பிராகிருதத்தின் வழியே கிரேக்கத்திற் புகுந்து ‘ஸிங்கிபெரிஸ்’ ஆகி, லத்தீனைக் கடந்து, ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர்’ என நிற்கிறது. நம் சொல்லை அவர்கள் நாணாது ஏற்றனர். அவர்கள் சொல்லை நாமும் நாணாது கற்போமாக. அடுத்த ஆண்டு இதே மேடையில் காரியதரிசி அவர்கள், கல்லூரியிற் சேர்ந்தோரின் பெயர்களோடு, இடையில் நின்றவர் ஒருவருமிலர் என்ற செய்தியையும் வாசிக்கக் கேட்கவேண்டும் என்பதே எமது ஆசை.